இஸ்தான்புல்லுக்குள் சைக்கிளில்: சாலையை விட்டுவிட்டுக் கடல்வழி நுழையுங்கள்

தனூப் நதிக்கரையோடு இறங்கி, பல்கேரியாவைத் தாண்டி துருக்கியின் எல்லை நகரமான எடிர்னே வந்து சேரும் சைக்கிள் பயணிக்கு, வரைபடத்தில் மிச்சம் தெரிவது சுமார் 240 கிலோமீட்டர்தான். மூன்று நாளில் இஸ்தான்புல் என்று கணக்குப் போடுவார்கள். தூரக் கணக்கு சரி. ஆனால் அதில் கடைசி எழுபது கிலோமீட்டர், அதாவது சிலிவ்ரிக்குப் பிறகு வரும் டி-100 சாலை, ஐரோப்பா முழுக்க மிதித்து வந்த தூரத்தைவிட ஆபத்தானது. உள்ளூர்க்காரர்கள் அதை இன்னும் பழைய பெயரில் ஈ-5 என்றுதான் சொல்கிறார்கள். நெடும்பயணம் பழகியவர்கள்கூட அந்தச் சாலையில் ஆடிப்போகிறார்கள். அதில் போய்த்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கப்பல் இருக்கிறது, ரயிலும் இருக்கிறது.

முதலில் எல்லை. பல்கேரியாவிலிருந்து வரும் பெரிய வாசல் கப்பிக்குலே. லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். லாரி வரிசையை ஒட்டி முன்னே போய், கார் வரிசையில் சேர்ந்துகொள்ளுங்கள். துருக்கிப் பக்கம் ஒரே சன்னலோடு வேலை முடியாது. கடவுச்சீட்டு, சுங்கம், கடைசித் தடுப்பு என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். கடவுச்சீட்டை ஹேண்டில்பார் பையிலேயே வையுங்கள். சக்கரத்தின் பக்கவாட்டில் தொங்கும் பானியர் பையின் அடியில் போட்டால் ஒவ்வொரு சன்னலிலும் மூட்டையை அவிழ்க்க வேண்டிவரும். முத்திரை விழுந்ததும் தேதி தெளிவாகப் படிக்க முடிகிறதா என்று அங்கேயே பாருங்கள். வெளியே போகும்போது எத்தனை நாள் தங்கினீர்கள் என்பதற்கு அந்த மைதான் சாட்சி.

கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மால்கோ தர்னோவோ வழியாக தெரெக்கோய் வாசல் இருக்கிறது. ஸ்த்ராஞ்சா மலைக்காடு, ஏற்ற இறக்கம் அதிகம், லாரி குறைவு. கிரேக்கத்திலிருந்து வருபவர்களுக்கு கஸ்தானியெஸ்–பசார்க்குலே வாசல் அருமையானது. தாண்டிய சற்று நேரத்தில் எடிர்னே ஊருக்குள் இருப்பீர்கள். தெற்கே இப்சாலா வாசலில் மெரிச் ஆற்றுப் பாலத்தின் இரு முனையிலும் ராணுவம் நிற்கும். படம் எடுக்கக் கூடாது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விசா விஷயத்தில் ஒரு கண்ணியைக் கவனிக்க வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), அமெரிக்க, பிரிட்டிஷ் அல்லது அயர்லாந்து விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால்தான் துருக்கியின் மின்விசா கிடைக்கும். அந்த ஆவணம் விண்ணப்பிக்கும் நாளில் மட்டும் உயிரோடு இருந்தால் போதாது, துருக்கிக்குள் நுழையும் நாளிலும் செல்லுபடியாக வேண்டும். பல்கேரியா 2025 ஜனவரி 1 முதல் நிலவழியிலும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. அதனால் அங்கே கழிக்கும் நாள்களும் ஷெங்கன் கணக்கில்தான் குறையும். எதிர்க்காற்றும் உடைந்த ஸ்போக்கும் நாள்களைத் தின்னும். ஒரு வாரமாவது மிச்சம் வைத்து எல்லைக்கு வாருங்கள். மின்விசாவைத் துருக்கி வெளியுறவு அமைச்சகத்தின் தளத்திலேயே எடுங்கள். தேடினால் மேலே வருபவற்றில் பல, கூடுதல் கட்டணம் வாங்கும் இடைத்தரகர் தளங்கள்.

அடுத்தது, நம் ஊரில் சைக்கிள் பழகியவர்களுக்கு மட்டும் உரிய சங்கதி: வலப்பக்கப் போக்குவரத்து. ஐரோப்பாவைக் கடந்து வந்தவருக்கு இது பழகியிருக்கும். விமானத்தில் நேராக வந்து இறங்குபவருக்கு முதல் இரண்டு நாள் மிகக் கவனம் தேவை. நேர்ச் சாலையில் யாரும் தவறு செய்வதில்லை. காலையில் ஆளில்லாத தெருவில் கிளம்பும்போது, பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழியாகும் இடத்தில் கை தானாக இடப்பக்கம் போகும். கண்ணாடியை ஹேண்டில்பாரின் இடது முனைக்கு மாற்றுங்கள். ரவுண்டானாவில் சுற்று இடஞ்சுழியாக இருக்கும். இடப்பக்கம் திரும்புவதுதான் இனிக் கடினமான திருப்பம். சந்தேகம் இருந்தால் நேராகக் கடந்து, ஓரம் கட்டி, பாதசாரிக் கோட்டில் தள்ளிக்கொண்டு போங்கள்.

யாரும் சொல்லாத ஒன்றும் உண்டு. சைக்கிளின் செயினும், கியர் மாற்றும் பின் டெரெய்லரும் வலப்பக்கம். நம் ஊரில் அவை சாலைப் பக்கம் இருக்கும், இங்கே நடைபாதைப் பக்கம் வந்துவிடும். சுவரோரமாகவோ தடுப்புக் கம்பியோரமாகவோ அவசரத்தில் சாய்க்கும்போது முப்பது கிலோ மூட்டையின் கனம் முழுவதும் டெரெய்லர் மேல் இறங்கும். டெரெய்லரைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்ற துண்டு லேசாக உள்ளே வளையும். அப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த ஏற்றத்தில் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெய்லர் ஸ்போக்குக்குள் போய்ச் சிக்கும்; ஹேங்கர் முறிந்து, ஸ்போக்கும் இரண்டு மூன்று போகும். ஆகவே எப்போதும் இடப்பக்கம்தான் சாய்க்க வேண்டும், அதற்குச் சைக்கிளைத் திருப்பி நிறுத்த நேர்ந்தாலும் சரி. உங்கள் சட்டத்துக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருப்பதால், எந்தப் பெரிய நகரத்திலும் உங்களுடையது கிடைக்கும் என்று நம்ப முடியாது.

இனி வழி. எடிர்னேயிலிருந்து லுலேபுர்காஸ் வரை டி-100 சாலையில் தோள்பட்டை, அதாவது ஓரக்கோட்டுக்கு வெளியே உள்ள பட்டை, அகலமாக இருக்கிறது, போகலாம். லுலேபுர்காஸ் நகராட்சியின் சைக்கிள் அகாடமி நெடும்பயணிகளிடையே பேர்பெற்றது. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் படுக்க இடமும் குளியலும் பழுதுபார்க்கும் கருவிகளும் கிடைக்கும். சோர்லுவை நெருங்க நெருங்கத் தொழிற்சாலை லாரிகள் கூடும். சிலிவ்ரிக்குப் பிறகு தோள்பட்டை வரும், போகும். சிக்கல் இணைப்புச் சாலைகளில்தான். வலப்பக்கமாக ஒரு சாலை பிரியும் இடத்தில், நேராகப் போகும் நீங்கள் பிரிகிற வண்டிகளின் குறுக்கே நிற்கிறீர்கள். சேரும் இடத்தில் இதற்கு நேர்மாறாக, வேகம் கூட்டிக்கொண்டு வரும் வண்டி உங்கள் வலத்திலிருந்து நுழையும். ஓட்டுநரின் பார்வை தன் இடது தோளுக்குப் பின்னால், பிரதான சாலை மேல் இருக்கும், உங்கள் மேல் இருக்காது. ஒரு மணி நேரத்தில் இப்படி எத்தனையோ இடங்களைக் கடக்க வேண்டும்.

நான் சொல்லும் வழி இதுதான். எடிர்னேயிலிருந்து கிழக்கே போகாமல் தெற்கே இறங்குங்கள். ஹவ்சா, உசுன்கோப்ரு, கெஷான், கெலிபொலு. அங்கே படகேறி ஆசியக் கரையில் லப்செகி. பிறகு பிகா வழியாக பந்திர்மா துறைமுகம். பந்திர்மாவிலிருந்து விரைவுக் கப்பல், இஸ்தான்புல்லின் யெனிகபியில் கொண்டுபோய் இறக்கும். மிதிக்கும் தூரம் சுமார் 300 கிலோமீட்டர். நேர்வழியைவிட ஒரு நாள் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஒரு நாளைக் கொடுக்க யோசிக்கவே வேண்டாம்.

உசுன்கோப்ருவில் 174 வளைவுகளோடு 1,392 மீட்டர் நீளமுள்ள பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்பாலம் எர்கெனே ஆற்றைக் கடக்கிறது; டி-100 வழியில் போகிறவர்களுக்கு இது கண்ணில்படாது. கெஷானுக்குத் தெற்கே கோரு மலையில் ஓர் ஏற்றம், அதன் பிறகு சாரோஸ் வளைகுடா இறக்கம். கெலிபொலு அருகே அலைபேசி வரைபடம் உங்களைப் புதிய பாலத்துக்குத் தள்ளப் பார்க்கும். 2022 மார்ச் 18 அன்று திறந்த 1915 சனக்கலே பாலம் அது. நடு இடைவெளி மட்டும் 2,023 மீட்டர். ஆனால் அது அதிவேக நெடுஞ்சாலையின் பாலம், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. படகுத்துறைக்கே போங்கள், அரை மணி நேரத்தில் அக்கரை.

லப்செகி முதல் பந்திர்மா வரை சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் பிரித்த அகலச் சாலை, நல்ல தோள்பட்டை. கோடையில் வடகிழக்கிலிருந்து பொய்ராஸ் என்ற காற்று அடிக்கும், உங்களுக்கு அது எதிர்க்காற்று. விடியும் முன் கிளம்பினால் பத்து மணிக்குள் பாதி முடியும். தோள்பட்டையில் பஞ்சரின் முக்கியக் காரணம் முள்ளும் கண்ணாடியும் அல்ல. வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் முடி போன்ற எஃகுக் கம்பி. டியூபை மாற்றிவிட்டுக் கிளம்பினால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும், ஏனெனில் கம்பி டயருக்குள்ளேயே இருக்கும். டியூபில் ஓட்டை விழுந்த இடத்தை வால்விலிருந்து அளந்து, டயரில் அதே இடத்தைக் கண்டுபிடித்து, உட்புறத்தை வெளியே மடித்துப் பாருங்கள். விரலுக்குப் பதில் பஞ்சுத் துணுக்கால் தடவினால் கம்பி மாட்டும். பிடுங்கக் கூர்முனைச் சாமணம் ஒன்று கருவிப்பையில் வேண்டும்; வெறும் நகத்துக்கு அது வராது.

கப்பலுக்குக் காலநிலை ஒன்றுதான் தடை. தென்மேற்கிலிருந்து லோதோஸ் காற்று வீசினால் மர்மரா கடலில் சேவையை ரத்து செய்துவிடுவார்கள். குளிர்காலத்தில் இது அடிக்கடி நடக்கும், சேவைகளின் எண்ணிக்கையும் அப்போது குறைவு. முந்தைய நாளே நேரத்தைச் சரிபார்த்து, மாலைக் கப்பலை விட்டுவிட்டுப் பகலில் இறங்கும் கப்பலைப் பிடியுங்கள். தெரியாத பெருநகரத்தில் மூட்டையோடு இருட்டில் விடுதி தேடுவது சிரமம். கப்பலின் வண்டித்தளத்தில் சைக்கிளைக் கட்ட ஒன்றரை மீட்டர் நீளப் பட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். முன் பிரேக் லீவரை ஹேண்டில்பாரோடு சேர்த்து ஒரு ரப்பர் பட்டையால் இறுக்கிவிட்டால் சக்கரம் உருளாது. கப்பல் ஆடும்போது சைக்கிள் விழுவது பெரும்பாலும் உருளுவதால்தான்.

ரயில்வழியும் உண்டு. துருக்கியின் ஐரோப்பியப் பக்கமான திரேஸ் பகுதியிலிருந்து வரும் ரயில்கள் ஹல்கலியில் முடிகின்றன. சைக்கிளை ஏற்றுவது அந்தந்த ரயிலையும் நடத்துநரையும் பொறுத்தது. பைகளைக் கழற்றி, முன்சக்கரத்தையும் கழற்றி வைத்தால் பேச்சு எளிதாகும். ஹல்கலியிலிருந்து மர்மராய் ரயில் நகரை ஊடுருவி, கடலடிச் சுரங்கம் வழியாக ஆசியப் பக்கம் கெப்ஸே வரை போகிறது. வார நாள்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் சைக்கிள் கூடாது, நண்பகலில் போங்கள். இறங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். சிர்கெஜி நிலையம் மையத்தில் இருக்கிறதே என்று அங்கே இறங்கிவிடாதீர்கள். அது பூமிக்கு அறுபது மீட்டர் ஆழத்தில். நகரும் படிகள் முடிவில்லாமல் போகும், லிஃப்ட்டில் மூட்டைச் சைக்கிள் நுழையத் திணறும். சுரங்கத்துக்கு முன் தரைக்கு மேல் வரும் கடைசி நிலையம் கஸ்லிச்செஷ்மே. அங்கே இறங்கினால் பக்கத்திலேயே கடற்கரைப் பாதை.

இத்தனைக்கும் பிறகு சாலையில்தான் நுழைவேன் என்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை, சிலிவ்ரியிலிருந்து. பூயுக்செக்மெஜேயில் ஒட்டோமான் கட்டடக் கலைஞர் சினான் கட்டி 1567-இல் முடித்த பழைய கல்பாலத்தில் நடந்து கடந்தால் நெடுஞ்சாலைப் பாலத்தைத் தவிர்க்கலாம். பிரியும் இணைப்புகளில் நேராகக் குறுக்கே வெட்டாதீர்கள். பிரியும் சாலையிலேயே சிறிது தூரம் போய், நின்று, பின்னால் பார்த்து, செங்குத்தாகக் கடந்து பிரதான சாலையின் ஓரத்துக்குத் திரும்புங்கள். கடக்கும் நேரம் ஒன்றிரண்டு வினாடியாகக் குறையும். கூச்சுக்செக்மெஜே ஏரி முகத்தைத் தாண்டியதும் ஃப்ளோர்யா பக்கம் கடலோரம் இறங்கிவிடுங்கள். அங்கிருந்து யெஷில்கோய், பகிர்கோய், யெனிகபி என்று கடற்கரையோடே, நடுநடுவே அறுபட்டாலும், பாதை இருக்கிறது. வடக்கே சதல்ஜா, கெமெர்புர்காஸ் வழி அமைதியானது என்று பழைய பயணக் குறிப்புகள் சொல்லும். புதிய விமான நிலையம் வந்த பிறகு அந்தப் பக்கம் மண் லாரிகளின் ராஜ்யம், ஏற்றமும் கடுமை. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விமானத்தில் வருபவர்களுக்கு ஒரே யோசனை: தேர்வு இருந்தால் ஆசியப் பக்கத்து சபீஹா கோக்சென் நிலையத்துக்குச் சீட்டு எடுங்கள். அங்கிருந்து பெண்டிக் கடற்கரை சுமார் பத்து கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். அங்கே கடலோரச் சைக்கிள் பாதை கடிகோய் வரை. ஐரோப்பியப் பக்கத்துப் பெரிய நிலையம் நகர மையத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர், சுற்றிலும் அதிவேகச் சாலைகள். பெட்டியைப் பிரிக்காமல் பேருந்திலோ பெரிய டாக்சியிலோ நகருக்குள் போய்ப் பிரிப்பதே நல்லது. பெட்டி கட்டும்போது பின் டெரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றிச் சட்டத்தின் உள்பக்கம் கட்டுங்கள், முன் கவட்டையில் இடைக்கட்டை வையுங்கள். டிஸ்க் பிரேக்கில் ரோட்டர் (பிரேக் தட்டு) இருந்த இடத்தில் அட்டைத் துண்டு செருகுங்கள், இல்லையென்றால் லீவர் ஒருமுறை அழுந்தினாலே பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்ளும். இடது பெடலின் மரை தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். பெட்ரோல் வாடை வீசும் அடுப்புப் புட்டியை விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

யெனிகபியில் இறங்கியதும் கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு சென்றால் சுமார் ஐந்து கிலோமீட்டரில் சிர்கெஜி. இடக்கைப் பக்கம் பழைய நகரின் கடல் மதில். யெனிகபி நிலையத்துக்காகத் தோண்டியபோது பைசாந்தியக் காலத் துறைமுகமும் 37 கப்பல்களின் எச்சங்களும் கிடைத்தன. இந்த நகருக்கு வருபவர்கள் நெடுங்காலம் இப்படிக் கடல்வழியாகத்தான் வந்து இறங்கியிருக்கிறார்கள். பாதையில் நடப்பவர்களும் தூண்டில் போடுபவர்களும் நிறைய. தூண்டிலைப் பின்னால் வீசி முன்னால் எறிவார்கள், கொக்கி முக உயரத்தில் வரும். சராய்புர்னுவிலும் கலாட்டா பாலத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது மேல்.

பழைய நகரில் டிராம் தண்டவாளத்தின் பள்ளம் 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை அப்படியே விழுங்கும். தண்டவாளத்தைச் செங்குத்துக்கு நெருக்கமான கோணத்தில் மட்டும் கடவுங்கள், மழையில் இறங்கிவிடுங்கள். மேலே ஏறும் தெருக்களெல்லாம் கல் பாவியவை, சரிவும் கடுமை. முன்னே 22 பல், பின்னே 34 பல் இருந்தாலும் பல தெருக்களில் தள்ளத்தான் வேண்டும். மினிபஸ் எந்த இடத்திலும் சைகை இல்லாமல் நிற்கும்.

சிர்கெஜி ரயில் நிலையத்தைச் சுற்றி சைக்கிள் கடைகள் இருக்கின்றன. செயின், பிரேக் கட்டை, கேபிள், 26 அங்குல டயர் எளிது. கிழக்கே போகப் போக 700சி அளவில் தடித்த டயர் அரிது. தேய்ந்த டயரை இங்கேயே மாற்றிவிடுங்கள். அடுப்புக்கான திருகு வகைக் கேஸ் குடுவையும் இங்கேயே வாங்குங்கள். சிறு ஊர்களில் பெரும்பாலும் துளைத்துப் பொருத்தும் வகைதான் கிடைக்கும்.

அலைபேசி: துருக்கி சிம் போட்ட வெளிநாட்டுக் கருவி 120 நாளில் முடங்கும், பதிவுக் கட்டணம் மிக அதிகம். அதற்குள் கிளம்பிவிடுபவர்களுக்குக் கவலையில்லை. மற்றவர்கள் வெளிநாட்டு மின்சிம் (இ-சிம்) வைத்துக்கொள்ளலாம். நகரத்துப் படகு, மர்மராய் ரயில், டிராம் எல்லாவற்றுக்கும் ஒரே இஸ்தான்புல் அட்டை.

நகரத்து நாய்களின் காதில் பிளாஸ்டிக் வில்லை தெரிந்தால் தடுப்பூசி போட்டவை, பெரும்பாலும் சாது. திரேஸின் ஆட்டுமந்தை நாய்கள் வேறு ரகம். ஏற்றத்தில் துரத்தினால் ஓட்டிப் பிழைக்க முடியாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மந்தையை விட்டு விலகும் திசையில் மெல்ல நடந்தால் விட்டுவிடும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனை. ரேபிஸ் முன்தடுப்பூசியை ஊரிலேயே முடித்துவிடுங்கள்.

ஆசியாவுக்குப் போக, பொஸ்போரஸ் நீரிணை மேலுள்ள மூன்று பாலங்களும் சைக்கிளுக்கு மூடியவை. எமினோனு அல்லது கராக்கோயிலிருந்து கடிகோய் படகு பிடியுங்கள். சுழல்கதவில் மோதாமல் பக்கத்து அகலக் கதவைத் திறக்கச் சொல்லி ஊழியரைக் கேட்டால் போதும். கடிகோயிலிருந்து பெண்டிக் வரை கடலோரப் பாதையில் மிதித்து, அங்கிருந்து யலோவா படகு ஏறினால், இஸ்மித் வளைகுடாவைச் சுற்றியிருக்கும் தொழிற்சாலைச் சாலைகள் மொத்தமும் தப்பும். பெண்டிக் படகு கிடைக்காத நாளில் இன்னும் கிழக்கே எஸ்கிஹிசார்–தொப்சுலர் கார்ப்படகு இருக்கிறது. ஆனால் அதுவரை போகும் சாலையில் லாரி அதிகம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். யலோவாவில் இறங்கியதும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள், ஒர்ஹான்காசிக்குப் போகும் ஏற்றம் ஊரைத் தாண்டியதும் தொடங்கிவிடும்.